செகண்ட் ஹேண்ட் டஸ்டர் ஆல் வீல் டிரைவ் வாங்கப் போறீங்களா?

ஒரகடம் ஆலையில் தயாரான ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் மாடல் 2014-ல் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தபோது ரெனோ டீசலைக் கைவிட, இதுவும் நின்றது. இனி கிடைப்பதெல்லாம் கைமாறிய வண்டிகள்தான்.

முதலில் டயர். நான்கும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் வழுக்கை என்றால் பின்சக்கரத்துக்கு சக்தி கொடுக்கும் கப்ளிங்தான் அடி வாங்கும். அதை மாற்றுவது சின்னச் செலவில்லை.

‘லாக்’ மோடில் டேஷ்போர்டு விளக்கு எரிந்தால் மட்டும் நம்பாதீர்கள். மண் தரையில் மெதுவாக ஓட்டி, பின்சக்கரங்களும் தள்ளுகின்றனவா என வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். தார் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம். இதில் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. மேட்டில் கிளட்சை மிதித்தே ஓட்டியிருப்பார்கள். கிளட்சையும் கவனியுங்கள்.

சென்னைப் பக்கத்து வண்டி என்றால் 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாமும் ஞாபகம் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் சந்தேகப்படலாம், தப்பில்லை!

ஆர்.சி-யில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.