சீமைக் கருவேலம் கரிவளியைக் கக்குகிறதா?

மாணவர்களே, புலனத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் ஒரு தகவல் உங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்திருக்கலாம். தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் என்றொரு மரம் இருக்கிறதாம். அது உயிர்வளியைத் தராமல் கரிவளியை மட்டும் வெளியிடுமாம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுத்துவிடுமாம். ஆகவே கண்ட இடத்தில் வெட்டிப் போடுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று அது முடியும். ஒளிச்சேர்க்கையைப் பாடமாகப் படித்த மாணவர்களே இதை நம்புவதுதான் எனக்கு வருத்தம்.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இந்த மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அந்தக் கறுப்புக் கரி எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து அல்ல. இலைகள் காற்றிலிருந்து எடுத்த கரிவளிதான் மரமாகி, பிறகு கரியானது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். 10 கிலோ விறகில் 5 கிலோ கார்பன் என்றால், அதைச் சேர்க்க மரம் ஏறத்தாழ 18 கிலோ கரிவளியைக் காற்றிலிருந்து எடுத்திருக்க வேண்டும். வளர்கின்ற எந்தப் பச்சை மரமும் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் திருப்பித் தரும். இரவில் அது கரிவளியை விடுவது உண்மைதான். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கறிவேப்பிலையும் அதையேதான் செய்கிறது.

இந்த விளக்கத்தைச் சொன்னால் அடுத்த நிமிடமே எதிர்ப்பக்கம் தாவுகிறவர்களும் உண்டு. "அப்படியானால் நல்ல மரம்தானே, இன்னும் நடலாமே?" என்பார்கள். நாம் வாழும் சூழல் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. 2021இல் நம் நாட்டில் 100 மில்லியன் மரங்கள் நடும் இயக்கம் தொடங்கியது. பூச்சோங்கில் ஆயர் ஹீத்தாம் காடு கண்ணெதிரே பச்சையாக நிற்கிறது. மதியம் கறுத்தால் மாலையில் மழை. இங்கே ஒரு விதை விழுந்தால் அது முளைப்பதற்கு யாரையும் கேட்பதில்லை. வறண்ட நிலத்தின் கணக்கு வேறு.

வறண்ட நிலம் என்றால் பாலைவனம் மட்டும் என்று எண்ண வேண்டாம். வெயிலும் காற்றும் ஓர் ஆண்டில் எவ்வளவு நீரை ஆவியாக்க முடியுமோ, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாக மழை பெய்யும் இடமெல்லாம் வறண்ட நிலம்தான். உலக நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காடு இத்தகையது. இராமநாதபுரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்; அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் நிலம் காத்துக் கிடக்கும்.

காத்துக் கிடந்த மண்ணில் முதல் மழை விழும்போது நடப்பதுதான் வியப்பு. செடிகள் துளிர்த்துக் கரிவளியை எடுக்கச் சில நாள் ஆகும். ஆனால் மண்ணில் உறங்கிய நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே விழித்து, மக்கிய பொருள்களைத் தின்று, கரிவளியை வெளியே தள்ளும். முதல் மழைக்கு நிலம் மூச்சை விடுகிறது, பிறகுதான் இழுக்கிறது. கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற மண்ணியலாளர் 1958இல் இதை விளக்கி எழுதினார். இன்றும் இதற்குப் பர்ச் விளைவு என்றே பெயர். தோட்டத்து மண்ணை இரண்டு வாரம் நன்றாகக் காயவைத்து, இரண்டு போத்தல்களில் போடுங்கள். ஒன்றில் மட்டும் நீர் தெளித்து, இரண்டிலும் சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர் வைத்து மூடுங்கள். மறுநாள் எதில் அதிகம் பால் போல் கலங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

மழை தாராளமாகப் பெய்தால் இந்த நிலங்கள் உலகக் கணக்கையே அசைத்துவிடும். 2010, 2011 ஆண்டுகளில் லா நீனாவால் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளில் தொடர்ந்து மழை பெய்தது. 2011இல் உலக நிலப்பரப்பு வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கரிவளியை உறிஞ்சியது. அந்தக் கூடுதலில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஆஸ்திரேலியாவுக்கு உரியது என்று 2014இல் வெளிவந்த ஆய்வு கூறியது. அமேசானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த பலருக்கு அது அதிர்ச்சி. ஆனால் மழை நின்றதும் அந்தச் சேமிப்பு கரைந்துவிட்டது. புல் காய்ந்தது, மக்கியது, தீப்பிடித்தது.

இதையெல்லாம் அளப்பதற்கு ஒரு வழி உண்டு. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் மரங்களுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கருவிகள், மேலே போகும் காற்றிலும் கீழே வரும் காற்றிலும் எவ்வளவு கரிவளி இருக்கிறது என்பதை வினாடிக்குப் பல முறை பதிவு செய்கின்றன. வித்தியாசத்தைக் கூட்டினால், காடு வாங்கியதா கொடுத்ததா என்று தெரியும். இஸ்ரேலில் பாலைவன ஓரத்தில் நட்டு வளர்த்த யத்தீர் பைன் காட்டிலும் 2000ஆம் ஆண்டு முதல் இப்படி அளக்கிறார்கள். அங்கே ஆண்டு மழை 280 மில்லிமீட்டர்தான். இருந்தும் அந்தக் காடு எதிர்பார்த்ததைவிட அதிகக் கரிவளியை எடுக்கிறது. ஆனால் கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. வெளிறிய மணல் திருப்பி அனுப்பிய வெயிலைக் கரும்பச்சை மரங்கள் விழுங்கிக்கொள்கின்றன. அந்தச் சூட்டை ஈடுகட்டவே காடு பல பத்தாண்டுகள் கரிவளியைச் சேர்த்தாக வேண்டும்.

ஆகவே வறண்ட நிலத்தில் மரத்தை மட்டும் எண்ணிக் கணக்கு முடிக்கக் கூடாது என்பது என் கருத்து. நிலத்தடியையும் எண்ண வேண்டும். அங்கே கார்பனின் பெரும்பகுதி வேரிலும் மக்கிலும் இருக்கிறது. கரிசல் மண்ணைத் தோண்டினால் வரும் வெள்ளைச் சுக்கான் கற்களிலும் கார்பன் சுண்ணாம்பாக உறைந்து கிடக்கிறது.

இப்போது சீமைக் கருவேலத்துக்கு வருவோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரம், விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான் கடந்த நூற்றாண்டின் நடுவில் அந்த மாவட்டங்களில் பரப்பப்பட்டது. 2017இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. மரத்தின் மீதுள்ள உண்மையான குற்றச்சாட்டு கரிவளி அல்ல, தண்ணீர். மற்றச் செடிகள் காய்ந்து நிற்கும் கோடையிலும் இது ஆழ வேரால் நீரை எடுத்துப் பச்சையாக நிற்கிறது. கண்மாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. புல்லுக்கும் வன்னிக்கும் இடம் விடுவதில்லை.

என்னைக் கேட்டால் கண்மாய்களிலும் வரத்துக் கால்வாய்களிலும் இருப்பதை முதலில் எடுக்கட்டும். கரிமூட்டத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு வேறு வழி அமையும்வரை அவர்களின் விறகுக் காட்டில் கை வைக்க வேண்டாம். எடுக்கும் இடத்திலும் இயந்திரத்தால் மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனால், மரம் போவதோடு மண்ணிலிருந்த மக்கும் கரிவளியாகிப் போகும். உடனே புல்லாவது விதைக்க வேண்டும். அடுத்த முறை அந்தப் புலனத் தகவல் வந்தால், 10 கிலோ விறகுக் கணக்கை எழுதித் திருப்பி அனுப்புங்கள்.