சாஹெல்: யாருடைய போர், யாருடைய அமைதி?

2013 பிப்ரவரி 2 அன்று பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா ஒல்லாந்த் மாலி நாட்டின் டிம்பக்டு நகருக்குச் சென்றபோது, திரண்டிருந்த மக்கள் அவரை ஆரவாரத்துடன் வரவேற்றனர். அந்த மகிழ்ச்சி நடிப்பல்ல. முந்தைய பத்து மாதங்கள் அந்நகரை ஆண்ட ஆயுதக் குழுக்கள் இசையைத் தடை செய்தன. பெண்களைச் சாட்டையால் அடித்தன. பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த சூஃபி ஞானியரின் அடக்கத்தலங்களை இடித்துத் தள்ளின. அக்குழுக்களை விரட்டியது எந்த நாட்டுப் படை என்று ஆராயும் நிலையில் அம்மக்கள் இல்லை. அந்நியத் தலையீட்டை எதிர்ப்போர் இந்தக் காட்சியை மறைத்துவிட்டு வாதிட முடியாது.

ஆனால் இந்தக் காட்சியோடு கதை முடியவுமில்லை. சில வாரங்களில் முடியும் என்று சொல்லப்பட்ட நடவடிக்கை ஒன்பதரை ஆண்டுகள் நீடித்தது. 2014இல் அது ‘பர்க்கான்’ என்ற புதிய பெயருடன் ஐந்து நாடுகளுக்கு விரிந்தது. படையினரின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 5,000ஐத் தாண்டியது. 2022 ஆகஸ்ட் 15 அன்று கடைசி பிரெஞ்சுப் படைப்பிரிவு மாலியை விட்டு வெளியேறியபோது, வட மாலியில் தொடங்கிய வன்முறை மத்திய மாலி, புர்கினா ஃபாசோ, மேற்கு நைஜர் எங்கும் பரவியிருந்தது. 2024இல் உலகில் பயங்கரவாதத்தால் நிகழ்ந்த மரணங்களில் பாதிக்கும் மேல் சாஹெல் பகுதியிலேயே நிகழ்ந்ததாகக் கணக்கிடப்பட்டது.

இந்தத் தோல்வியின் வேர் 2011இல் இருக்கிறது. பிரான்சு முன்னின்று நடத்த, நேட்டோ லிபியாவின் மீது குண்டு வீசி கடாஃபி ஆட்சியை வீழ்த்தியது. சிதறிய ஆயுதக் கிடங்குகளும் அங்கே பணியாற்றிய துவாரக் போராளிகளும் பாலைவனம் கடந்து மாலிக்கு வந்தனர். துவாரக் மக்களின் மனக்குறை பழையது; 1963 முதல் அவர்கள் பலமுறை கிளர்ந்தெழுந்துள்ளனர். 2012 ஜனவரியில் அந்தக் குறைக்குக் கனரக ஆயுதம் கிடைத்தது. அந்தக் கிளர்ச்சியின் தோளில் ஏறி வந்த மதவாதக் குழுக்கள் விரைவில் அதையே ஓரங்கட்டின. தீயணைக்க வந்தவர்கள், முன்பே பக்கத்து வீட்டுக்குத் தீ வைத்தவர்கள்.

அவர்கள் அணைக்க முயன்ற முறையும் தவறானது. மத்திய மாலியில் ஃபுலானி மேய்ப்பர்களுக்கும் டோகோன் உழவர்களுக்கும் இடையே நிலமும் நீரும் தீராத வழக்கு. அந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய அரசு, கையூட்டும் தண்டமும் கேட்கும் அதிகாரியாக மட்டுமே கிராமத்துக்கு வந்தது. ஆயுதக் குழுக்களோ மேய்ச்சல் கட்டணத்தைக் குறைத்தன. வழக்குகளைச் சில நாட்களில் தீர்த்தன. மதவெறியைவிட இத்தகைய குறைகளும் பாதுகாப்புத் தேவையுமே பல இளைஞர்களை அவர்கள் பக்கம் தள்ளின. ஆளில்லா விமானத்தால் மேய்ச்சல் வழக்கைத் தீர்க்க முடியாது. 2021 ஜனவரி 3 அன்று பவுன்ட்டி கிராமத்தில் பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. கொல்லப்பட்ட 22 பேரில் 19 பேர் திருமண நிகழ்வுக்குக் கூடிய பொதுமக்கள் என்று ஐ.நா. விசாரணை கண்டறிந்தது. பிரான்சு அதை ஏற்க மறுத்தது. அத்தகைய ஒவ்வொரு மறுப்பும் ஆயுதக் குழுக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

அனைத்திலும் முக்கியமானது வேறொன்று. 2017இல் மாலியின் பல தரப்பினரும் கூடிய தேசிய நல்லிணக்க மாநாடு, உள்நாட்டு ஆயுதக் குழுக்களின் தலைவர்களான இயாத் அக் காலி, அமாது கூஃபா ஆகியோருடன் பேச்சு நடத்தப் பரிந்துரைத்தது. 2019இல் மற்றொரு தேசிய உரையாடலும் அதையே கோரியது. பிரான்சு இரு முறையும் அதை எதிர்த்தது. உறவினரைப் பறிகொடுத்த மக்களே பேசிப் பார்க்கலாம் என்றபோது, பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அரசு கூடாது என்றது. தலையீட்டின் உண்மையான விலை இதுதான்: போரை முடிக்கும் உரிமை அந்தப் போரில் சாகிறவர்களின் கையில் இல்லாமற் போனது.

தலையிடாமல் இருந்திருந்தால் டிம்பக்டு மக்களின் கதி என்ன என்ற கேள்வி நேர்மையானது. 2013 ஜனவரியில் ஆயுதக் குழுக்கள் கோனாவைக் கடந்து தெற்கே முன்னேறாமல் தடுத்தது ஒன்று. அதைக் காட்டி ஒன்பதரை ஆண்டு நிலைகொண்டது வேறொன்று. முதலாவதன் நியாயத்தைக் கடன் வாங்கியே இரண்டாவது தொடர்ந்தது. ஆப்பிரிக்க நாடுகளின் படைக்கு 2012 டிசம்பரிலேயே ஐ.நா. பாதுகாப்பு அவை ஒப்புதல் அளித்திருந்தது. அதை வலுப்படுத்தி விலகுவதற்குப் பதிலாக, முன்னாள் காலனியாதிக்க நாடு தன் தளங்களை விரிவாக்கியது. 1970கள் முதல் பல பத்தாண்டுகள் நைஜரின் யுரேனியம் பிரான்சின் அணு உலைகளுக்குப் போனது. நைஜர் மக்களில் பெரும்பாலோர் வீடுகளிலோ மின்சாரம் இல்லை. இந்த உறவைக் காப்பதும் தளங்களின் பணியாக இல்லை என்று எவரும் வாதிட இயலாது.

இங்கே இடதுசாரிகளுக்கும் ஒரு சோதனை உண்டு. பிரெஞ்சுக் கொடி இறங்கிய இடத்தில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்தபோது, அதை ஏகாதிபத்திய எதிர்ப்பின் வெற்றி என்று சிலர் கொண்டாடினர். 2022 மார்ச் இறுதியில் மௌரா கிராமத்தில் மாலி இராணுவமும் அந்நியப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. அறிக்கை கூறுகிறது. 2025 மே மாதம் இராணுவ ஆட்சி எல்லா அரசியல் கட்சிகளையும் கலைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் ஆயுதக் குழுக்கள் எரிபொருள் லாரிகளை மறித்துத் தலைநகர் பமாகோவைத் திணறடித்தன. கொடி மாறியது, போரின் இலக்கணம் மாறவில்லை. பாரிஸின் குண்டைக் கண்டித்துவிட்டு மாஸ்கோவின் துப்பாக்கிக்குச் சலுகை காட்டுவது கொள்கையாகாது.

இந்த நெருப்பு இந்தியத் தொழிலாளரையும் சுடுகிறது. 2025 ஜூலையில் மாலியின் காயெஸ் பகுதியில் சிமென்ட் ஆலையில் பணியாற்றிய மூவரும், நவம்பரில் மின்மயமாக்கல் பணியில் இருந்த ஐவரும் கடத்தப்பட்டனர். பிழைப்புக்காகச் சென்றவர்கள் அவர்கள்.

அந்நியப் படைகள் எக்கொடியின் கீழ் வந்தாலும் வெளியேற வேண்டும். ஆயுத வரத்து நிறுத்தப்பட வேண்டும். கட்சிகளும் தொழிற்சங்கங்களும் தடையின்றி இயங்க வேண்டும். மாலி மக்கள் தம் தேசிய மாநாட்டில் இரு முறை கேட்ட பேச்சுவார்த்தைக்கு இனியாவது வழி திறக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்துக்கு நியாயமான சட்டம், கிராமத்துக்கு ஒரு நேர்மையான நீதிமன்றம், தங்கமும் யுரேனியமும் தரும் வருவாயில் பள்ளியும் மருத்துவமனையும்: பயங்கரவாதத்திடமிருந்து இளைஞரை மீட்கக்கூடியவை இவையே. இவற்றை அம்மக்கள்தான் கட்டியெழுப்ப முடியும். அதற்கு அவகாசம் கிடைக்கக் குரல் கொடுப்பதே உலகத் தொழிலாளி வர்க்கத்தின் கடமை.