வெயிலை முன்னறிந்தோம், பிறகு?

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில், தேநீர்க் கடையொன்றில் நம் காதில் விழுந்த பேச்சு இது.

கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் சொல்கிறான்: "சித்தப்பா, வர்ற வியாழக்கிழமையிலருந்து நாலஞ்சு நாளைக்கு வெயிலு ரொம்பக் கடுமையா இருக்குமாம். மதுரை, கரூர் பக்கமெல்லாம் நாப்பதைத் தாண்டுமாம். பன்னெண்டு மணியிலருந்து மூணு மணி வரைக்கும் வெளிய போகவேணாம்னு போட்டிருக்காங்க."

தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் அந்தப் பெரியவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்கிறார்: "சரிப்பா, வெயிலு வர்றதச் சொல்லிட்டாங்க. போகலைன்னா கூலி யாரு குடுப்பாங்கன்னு அதுல போட்டிருக்கா?"

இளைஞன் கைப்பேசியை மறுபடியும் பார்த்தான். அதில் அது இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் நாம் இன்று ஆட்சியினர் முன்பும், ஆலை முதலாளிகள் முன்பும், நமது தோழர்கள் முன்பும் வைக்கிறோம்.

அந்த இளைஞன் படித்துக் காட்டியது வானிலை ஆர்வலர் ஒருவர் எழுதிய குறிப்பு. தமிழகத்தில் இன்று இத்தகைய ஆர்வலர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று மக்கள் அழைக்கும் பிரதீப் ஜானை 2015ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளத்துக்குப் பிறகு அறியாதார் இல்லை. ஆசிரியர் செல்வகுமாரின் குரலைக் கேட்டுவிட்டு நாற்று நடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உழவர்கள் பலர். இவர்களைப் பின்பற்றி, மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கும் மாணவர்களும், வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைக்கும் கடைக்காரர்களும் தோன்றியிருக்கிறார்கள். யாரும் இவர்களைப் பணியில் அமர்த்தவில்லை. வானத்தின்மீது கொண்ட ஆவலே இவர்களை இழுத்து வந்தது.

இவர்கள் பேசுவது வெறும் வம்புப் பேச்சு அல்ல. ஐரோப்பிய மையத்தின் கணினி என்ன சொல்கிறது, அமெரிக்கக் கணினி என்ன சொல்கிறது, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன, மேற்குக் காற்று எந்த நாளில் வலுக்கும், கடற்காற்று எத்தனை மணிக்குக் கரை ஏறும், உள்மாவட்டங்களில் மாலையில் இடிமழைக்கு வழி உண்டா என்றெல்லாம் வாதிடுகிறார்கள். கடற்காற்று தாமதித்தால் சென்னை தகிக்கும் என்பதை 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் காட்டிற்று. அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. நமது திண்டுக்கல் சமவெளிக்கோ கடற்காற்று எட்டாது. மேற்கே பழனி மலைத் தொடர் நின்று தென்மேற்குப் பருவமழையை மறிக்கிறது, கிழக்கே சிறுமலை. இடையில் வெந்து கிடக்கும் மண் நம்முடையது.

பஞ்சாங்கமும் வெயிலைச் சொல்லுகிறதே என்பார் உண்டு. சொல்லுகிறது, ஆண்டுதோறும் மே 4ஆம் தேதியை ஒட்டி அக்கினி நட்சத்திரம் தொடங்கும் என்று சொல்லுகிறது. ஆனால் வெப்ப அலை நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து வருவதில்லை. 2024இல் கத்திரி பிறப்பதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்திலேயே, தமிழகத்தின் உள்மாவட்டங்களுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்துவிட்டது. 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறை இன்று ஐந்து நாட்களுக்கு முன்பே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து எச்சரிக்கை தருகிறது. அதை எளிய தமிழில் ஊர்மொழியாக்கித் தேநீர்க் கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் ஆர்வலர்கள். அறிவை மக்கள் உடைமையாக்கும் இத்தொண்டை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம்.

முன்பெல்லாம் வெயிலில் ஒருவன் சுருண்டு விழுந்தால், "யார் கண்டார்கள் இப்படி வரும் என்று?" எனக் கையை விரிக்கலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. ஐந்து நாட்களுக்கு முன்பே கண்டுவிட்டார்கள். கண்டதைச் சொல்லியும் விட்டார்கள். அறியாமை என்ற சாக்கு போயிற்று. அறிந்த பிறகும் ஒன்றும் செய்யாமல் இருந்தால், அதற்கு இயற்கையின் சீற்றம் என்று பெயரில்லை. மனிதனின் அலட்சியம் என்றுதான் பெயர்.

'வெப்ப அலை' என்ற சொல்லுக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் கணக்கையும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியையேனும் தொடவேண்டும். அத்தோடு, அந்த இடத்தின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது மிகவேண்டும். 6.4க்கு மேல் மிகுந்தால் கடும் வெப்ப அலை. இல்லையேல், வழக்கம் எதுவாயினும் 45ஐ எட்டவேண்டும். ஆய்வுக்கு வேண்டிய கணக்கு இது. குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். வழக்கமே 38 டிகிரி உள்ள ஊர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 42 டிகிரி அடித்தாலும் அது 'வெப்ப அலை' ஆகாது! என்றும் வெந்துகொண்டிருப்பவன் இன்னும் கொஞ்சம் வெந்தால் கணக்கில் ஏறுவதில்லை. ஆர்வலர்கள் ஒருவரோடொருவர், "இது வெப்ப அலையா, வெறும் வெயிலா?" என்று வாதிடும்போது, காளவாசலில் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவள் தலை அறியும், அவள் கால் அறியும்.

இன்னொன்று. அரசு வெப்பமானி வெயிலில் தொங்குவதில்லை. வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், காற்றோட்டத்தில், நிழலில், தரைக்கு மேலே ஆள் மார்பளவு உயரத்தில் இருக்கிறது. அது 40 என்று காட்டுகிறபோது, தகரக் கூரைக்குக் கீழே பூட்டுக்கு அரம் போடுகிறவன் மேல் விழுகிற சூடு எவ்வளவு? உலைக்கு எதிரே நிற்பவன் மேல் விழுகிற சூடு எவ்வளவு? தார் காய்ச்சிச் சாலை போடுகிறவன் காலடியில் எவ்வளவு? நாள்தோறும் வெளிவரும் பட்டியலில் மதுரை உண்டு, திருச்சி உண்டு, கரூர் பரமத்தி உண்டு, குளுகுளுவென்ற கொடைக்கானலும் உண்டு. பட்டறையின் வெப்பத்துக்குப் பட்டியல் இல்லை.

அந்தக் கொடைக்கானல் மலைமேல் 1899ஆம் ஆண்டில் சூரியனை ஆராயும் நிலையம் அமைத்தார்கள். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் எப்படிப் பாய்கின்றன என்று 1909இல் எவர்ஷெட் என்ற அறிஞர் அங்கிருந்துதான் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். மலைமேல் சூரியனை ஆராய்ந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. மலையடிவாரத்தில் அதே சூரியனின் கீழ் உழைக்கிறவனைப் பற்றி எப்போது ஆராயப்போகிறோம்?

வெயில் மனிதனைக் கொல்வது எப்படி என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. உடல் தன் சூட்டை வியர்வையால் ஆற்றிக்கொள்கிறது. தண்ணீர் குறைந்தால் வியர்வை குறைகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலர்வதில்லை. உள்ளே சூடு ஏறி 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது, பேச்சு குழறுகிறது, நினைவு தப்புகிறது. அந்த நேரத்தில் உடலைக் குளிர்வித்தால் உயிர் தப்பும், தாமதித்தால் தப்பாது. தண்ணீர், நிழல், ஓய்வு: மருந்து இந்த மூன்றுதான். மூன்றும் மலிவானவை. ஆயினும் நாட்கூலிக்காரனுக்கு மூன்றாவது கிடைப்பதில்லை. ஏனென்றால் அவன் ஓய்வுக்கு விலை அவன் கூலி.

"பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே வராதீர்கள்" என்பது நல்ல புத்திமதி. யாருக்கு? மாதச் சம்பளக்காரருக்கு, வீட்டில் மின்விசிறி உள்ளவருக்கு, போகாவிட்டாலும் அடுப்பு எரிகிறவருக்கு. வெங்காயக் காட்டில் குனிந்து நிற்பவளுக்கு அது புத்திமதி அல்ல. அவள் வறுமையை எடுத்துக்காட்டும் வாசகம். கூலியைப் பற்றிப் பேசாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே.

மீதிப் பாதியைச் செய்ய முடியுமா? செய்து காட்டியிருக்கிறார்கள். மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே கோடை கடுமையாகும்போது தொழிலாளர் துறை ஆணை பிறப்பிக்கிறது: வெட்டவெளியில் வேலை செய்வோருக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு, எட்டு மணி நேர வேலையைக் காலையிலும் மாலையிலுமாக மாற்றிவைத்துக்கொள்ள வேண்டும். கட்டார் நாட்டில் 2021 முதல், ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அந்த நாட்டுக்குப் பிழைக்கப் போன நம்மவருக்குப் பாலைவனத்தில் கிடைக்கும் நிழல், சொந்த மண்ணில் கிடைக்கலாகாதா? அகமதாபாத்தில் 2010ஆம் ஆண்டு மே மாத வெயில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அழுததோடு அந்நகரம் நிற்கவில்லை. 2013இல் வெப்பச் செயல் திட்டம் வகுத்தது. முன்னறிவிப்பு வந்ததும் மருத்துவமனை என்ன செய்யும், நகராட்சி என்ன செய்யும், யார் யாருக்குச் சொல்வார்கள் என்று எழுதி வைத்தது.

தமிழகமும் சும்மா இருந்துவிடவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்று ஆணையும் வந்தது. நல்ல ஆணை, வரவேற்கிறோம். ஆனால் இறந்தபின் கொடுப்பதற்கு ஆணை இருக்கிறது. இறக்காமலிருக்க மூன்று மணி நேர ஓய்வு கொடுப்பதற்கு என்ன ஆணை? அந்த 4 லட்சமும், வெயிலால் இறந்தான் என்று சான்று இருந்தால்தானே? வேலைத்தலத்தில் விழுந்தவனுக்கு மாரடைப்பு என்று எழுதி முடித்துவிட்டால், வெயிலும் தப்பிக்கிறது, பணத்துக்கும் வழியில்லாமல் போகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று கூறிற்று. 250 பேர்! பத்துப் பேர் பட்டறைக்கும், இருபது பேர் காளவாசலுக்கும், ஐந்து பெண்கள் பூ எடுக்கும் தோட்டத்துக்கும் தாகம் வேறா?

ஆகவே நாம் கேட்பவை சில. ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளிலேயே, கூலி குறையாமல் வேலை நேரத்தை மாற்றும் ஆணை தானாக நடைமுறைக்கு வரவேண்டும். அதற்கு ஒரு கோப்பு சென்னைக்குப் போய்வர வேண்டியதில்லை. ஊரக வேலைத் திட்டத்திலும், சாலைப் பணியிலும், பேரூராட்சித் துப்புரவுப் பணியிலும் அரசே முதலில் அதைச் செய்து காட்டட்டும். பிறகு முதலாளிகளைக் கேட்கும் தகுதி வரும். தண்ணீரும் நிழலும் கொடுப்பது வேலை வாங்குகிறவரின் கடமையாகட்டும், தருமமாக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் கோடை முடியும்வரை பனிக்கட்டியும், உப்புச் சர்க்கரைக் கரைசலும், காற்றோட்டமான ஓர் அறையும் இருக்கட்டும். வெயிலில் விழுந்து இறந்தவரின் இறப்புக் காரணம் உள்ளபடி எழுதப்படட்டும்.

பேரூராட்சி தோறும், பள்ளி தோறும் ஒரு நல்ல வெப்பமானி வைக்கட்டும். அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதும் பொறுப்பை ஊரின் வானிலை ஆர்வலர்களிடம் கொடுக்கட்டும். கைப்பேசி இல்லாத பாட்டியும் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவருக்கு மாணவன் சொல்லட்டும்.

ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. "வரலாறு காணாத வெயில்" என்று பரபரப்புக்காக எழுதுகிறவர்களும் உங்கள் நடுவே இருக்கிறார்கள். இரண்டு முறை பொய்த்தால் மூன்றாவது முறை மெய்யைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எது கணிப்பு, எது உறுதி என்று பிரித்துச் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னதோடு நிற்காமல், அந்த எண் யார் தலையில் விழும் என்பதையும் சொல்லுங்கள்.

நமது தோழர்களுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. கோடை வந்தால் நீர்மோர்ப் பந்தல் திறக்கிறோம், கொடி கட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். நான்காம் நாள் பானை காய்ந்து கிடக்கிறது. தலைவர்களின் படம் மட்டும் வெயிலில் நிற்கிறது. இது நமக்குப் பெருமையா? பந்தல் கடைவீதியில் மட்டும் வேண்டாம். காளவாசல் ஓரத்தில் போடுங்கள், தோல் ஷாப் வாசலில் போடுங்கள். முதல் நாள் திறந்தவரே கடைசி நாள்வரை தண்ணீர் ஊற்றட்டும்.

வெயிலை நிறுத்த எந்த ஆட்சியாலும் முடியாது. வெயிலில் நிற்கும் மனிதனை நிழலுக்கு அழைக்க முடியும். அழைத்ததற்காக அவன் கூலியைப் பிடிக்காமல் இருக்க முடியும். அகரத்துப் பெரியவர் கேட்டது அவ்வளவுதான். வியாழக்கிழமை வருவதற்குள் அவருக்கு விடை வேண்டும்.