வயிற்றுக்கு ஒரு மொழி

தேக்கா சந்தையில் நான் வாடிக்கையாகக் காய்கறி வாங்கும் சீனப் பெரியவர் என்னிடம் தமிழில்தான் பேசுவார். 'முருங்கைக்கா புதுசு, எடுத்துக்கோ' என்பார். விலை, பேரம், சில்லறை எல்லாமே தமிழ்தான். சென்ற மாதம் கூட வந்திருந்த என் மகளிடம், 'என்னம்மா, படிக்கிறியா?' என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பள்ளியில் பத்தாண்டு தமிழ் படித்தவள்!

பெரியவருக்குத் தமிழ்ப்பற்று ஒன்றும் கிடையாது. வாங்க வருகிறவர்கள் தமிழர்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் பாடம், வானொலி, 1935 முதல் ஒரு நாளிதழ், எல்லாம் உண்டு. ஆனாலும் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் மொத்தக் குடியிருப்பாளர்களில் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. இந்தியர்களின் விகிதமோ இரண்டு கணக்கெடுப்பிலும் ஏறக்குறைய 9 விழுக்காடுதான். உடனே மேடையில் பெற்றோரைத் திட்டத் தொடங்கிவிடுகிறோம். நானும் அதற்குக் கைதட்டியிருக்கிறேன்.

சீனர்களைப் பாருங்கள். 1979இல் லீ குவான் யூ தொடங்கிய மாண்டரின் இயக்கத்தால் ஹொக்கியனும் தியோச்சியூவும் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து விலக்கப்பட்டன. பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ள மொழியில்லாமல் போன வீடுகள் உண்டு. சீனாவின் சந்தை திறக்கிறது, மாண்டரினுக்கு மதிப்பு வரும் என்றார்கள். வந்தது. இருந்தும் வீட்டில் மாண்டரின் பேசுவோர் அதே பத்தாண்டில் 35.6 விழுக்காட்டிலிருந்து 29.9க்கு இறங்கினர். ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. சீனாவோடு வியாபாரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தேர்வும் வேலைக்கான நேர்காணலும் எல்லோருக்கும் உண்டு. அவை ஆங்கிலத்தில் நடக்கின்றன.

1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்த இந்தத் தீவு அந்நியத் தொழிற்சாலைகளை நம்பியே பிழைத்தது. பெற்றோர் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழ்வழிப் பள்ளிக்குப் பிள்ளைகள் வரவில்லை என்பதுதான் காரணம். யாரும் தடை போடவில்லை.

நான் செய்ததும் அதே கணக்குதான். மகளுக்கு மூன்று வயதானபோது, பாலர் பள்ளியில் திணறக்கூடாதே என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினேன். அப்புறம் திரும்ப முடியவில்லை. இப்போது என் அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் பேசினால், நடுவில் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

பெரியவரிடம், கடையை அடுத்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். 'பையன் பேங்க்ல வேல. வரமாட்டான்' என்றார். 'அவனுக்குத் தமிழ் தெரியாது.'