ஃபில்டர் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

பெறுநர்: தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

கோவை மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் 28 வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் 19 வருஷம் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளாண்டில் கழிந்தது. புளோ ரூமில் பஞ்சை உதறும்போதும், கார்டிங்கில் சிக்கெடுக்கும்போதும், ரிங் ஃபிரேமில் நூல் முறுக்கேறும்போதும் பறக்கிற தூசியைக் காற்றோடு இழுத்து, வடிகட்டி, ஈரப்பதம் சேர்த்து, அதே காற்றைத் திரும்ப டிபார்ட்மெண்டுக்கு அனுப்புகிற இடம் அது. ஒரு ஷிப்டில் வேலை செய்கிற அத்தனை பேரும் எட்டு மணி நேரம் இழுக்கிற மூச்சு அந்த அறை வழியாகத்தான் போய் வருகிறது.

தங்கள் மேசைக்கு இந்த அறை பெரும்பாலும் ஒரு விபத்தாகவோ நோயாகவோதான் வந்து சேரும். அதற்கு முன்பே அதன் கதவைத் தாங்கள் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். பத்து மணி, ஷிப்ட் மாறும் நேரம். ஃபில்டர் டிரம்மின் மேல் ஓடுகிற உறிஞ்சுகுழாயின் வாயில் பஞ்சுக் கட்டி அடைத்துக்கொண்டது. இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவர் பேனலில் ஃபேனை நிறுத்திவிட்டு, அடைப்பை எடுக்க ஃபில்டர் அறைக்குள் போனார். அடுத்த ஷிப்டுக்கு வந்தவருக்கு இது தெரியாது. ரிங் ஃபிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ஈரப்பதம் இறங்குகிறது, சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். பேனலைப் பார்த்தார், ஃபேன் நின்றிருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

நான் வேலைக்கு உள்ளே வந்துகொண்டிருந்தேன். தகரக் கதவை யாரோ உள்ளிருந்து குத்துகிற சத்தம் கேட்டது. "உள்ள ஆள் இருக்குதுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். பெரிய ஃபேன் பொத்தானை அடித்தவுடன் நின்றுவிடாது. அதன் சக்கரம் தன் வேகத்திலேயே சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். அது அடங்கும் வரை வெளியிலிருந்து இரண்டு பேர் இழுத்தும் கதவு அசையவில்லை. திறந்தபோது அந்தத் தம்பியின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. டிரம்மைச் சுற்றும் செயினில் போயிருந்தன.

கதவு ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஃபில்டரில் தூசி அடைய அடைய, அதற்கும் ஃபேனுக்கும் நடுவிலுள்ள அறையில் உறிஞ்சல் கூடும். அழுத்தம் காட்டும் மேனோமீட்டர் குழாயில் தண்ணீர் 50 மில்லிமீட்டர் ஏறி நின்றால், பார்வைக்கு அது மூன்று விரல் அகலம்தான். ஆனால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 கிலோ அழுத்தம் என்று அதற்குப் பொருள். ஆள் நுழைகிற கதவு சுமார் 1.8 சதுர மீட்டர் இருக்கும். ஆக, 90 கிலோ எடை அந்தக் கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்திருந்தது. தாழ்ப்பாள் எதுவும் போடாமலேயே அந்தப் பிள்ளை உள்ளே பூட்டப்பட்டிருந்தார்.

விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நிறுத்திவிட்டுப் போனவரும் கவனக்குறைவானவர் இல்லை, நின்றிருந்ததை ஓட்டியவரும் இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு பூட்டு இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். உள்ளே போகிறவர் பேனல் பொத்தானை நம்பாமல், மின்சாரத்தைத் துண்டிக்கிற மெயின் ஐசொலேட்டரையே இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தால், வெளியில் யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடந்திருக்காது. உள்ளே இரண்டு பேர் போனால் இரண்டு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து கடைசிப் பூட்டைத் திறக்கும் வரை அந்த இயந்திரம் யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பூட்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

இது வேலை செய்கிறவருக்கு வருகிற ஆபத்து. அந்தப் பிளாண்ட் சரியாக ஓடாவிட்டால், அதைக் கண்ணால் பார்த்தே இராதவர்களுக்கு வருகிற ஆபத்தும் உண்டு.

ஒருமுறை ஃபேன் மோட்டார் எரிந்துபோய் வேறு மோட்டார் மாட்டினார்கள். இணைப்புக் கொடுக்கும்போது மூன்று பேஸில் இரண்டு இடம் மாறிவிட்டது. ஃபேன் எதிர்த்திசையில் சுற்றியது. சென்ட்ரிஃபியூகல் ஃபேனைத் திருப்பிச் சுற்றவிட்டாலும் காற்று அதே பக்கம்தான் போகும், அளவுதான் மிகவும் குறைந்துவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சத்தம் கேட்கிறது, காற்று வருகிறது, பேனலில் விளக்கு எரிகிறது. மூன்று வாரம் அப்படியே ஓடியது. கார்டிங்கில் வேலை செய்த அம்மாக்கள்தான் கண்டுபிடித்தார்கள். "லீவு முடிஞ்சு வந்தா நெஞ்சக் கட்டிப் புடிச்ச மாதிரி இருக்குதுங்க தம்பி" என்றார் ஒருவர். அப்புறம்தான் நான் ஃபேன் உறையைப் பார்த்தேன். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி பெயிண்டுக்கு அடியில் மறைந்திருந்தது.

அந்த அம்மா சொன்ன நெஞ்சுப் பிடிப்புக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: பிசினோசிஸ். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் அதன் முதல் அடையாளம். இரண்டாம் நாள் சரியாகிவிடும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வருஷக்கணக்கில் போனால் வாரம் முழுக்க இறுகும். பிறகு வேலையை விட்டாலும் மூச்சு பழையபடி திரும்புவதில்லை. நம் சட்டத்தில் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று, இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய்களிலும் ஒன்று. அமெரிக்காவில் 1978-லேயே நூல் நூற்கும் இடங்களில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் பஞ்சுத் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அந்த அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும்.

'மாஸ்க் கொடுத்திருக்கிறோமே' என்பார்கள். ஈரமும் வெப்பமும் நிறைந்த டிபார்ட்மெண்டில், ஃபிரேமுக்கு ஃபிரேம் நடந்துகொண்டே எட்டு மணி நேரம் துணி மாஸ்க் கட்டியிருக்கச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. துணி அந்த நுண்தூசியைத் தடுப்பதும் இல்லை. தூசி கிளம்புகிற இடத்திலேயே அதை இழுத்துப் பிடிப்பதுதான் வழி.

மூன்றாவது ஆபத்து தீ. பஞ்சு பேலில் ஒரு இரும்புப் பட்டைத் துண்டோ கல்லோ வந்துவிட்டால், பஞ்சை அடிக்கும் பீட்டரில் பட்டுப் பொறி பறக்கும். அந்தப் பொறி பஞ்சுக்குள் கனன்றுகொண்டே காற்றுக் குழாயான டக்டில் ஏறும். தூசி குழாயில் தங்காமல் போக வேண்டுமானால் காற்று நொடிக்கு 13 முதல் 15 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 60 மீட்டர் டக்டை அந்தப் பொறி நான்கைந்து நொடியில் கடந்துவிடும். 'தீ' என்று ஒருவர் கத்தி, இன்னொருவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அது ஃபில்டர் அறையில் இருக்கும். அங்கே அதற்காகவே சேர்த்து வைத்ததுபோல் உலர்ந்த தூசி, அதோடு இடைவிடாமல் வருகிற காற்று. பொறியைக் கண்டுபிடிக்கும் சென்சாரும், பஞ்சைத் திருப்பிவிடும் டைவர்ட்டரும், ஃபேனைத் தானே நிறுத்தும் இணைப்பும் இதற்காகத்தான். இவற்றை மாட்டியிருப்பது போதாது, மாதம் ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

1987 மார்ச் 15 அன்று சீனாவின் ஹார்பின் நகரில் ஆளி நார் நூற்கும் ஆலையில் தூசி வெடித்து 58 பேர் இறந்தார்கள், 177 பேர் காயமடைந்தார்கள். தூசியை இழுக்கப் போட்ட குழாய்கள் வழியாகவே வெடிப்பு இடம் விட்டு இடம் தாவியது. 2014 ஆகஸ்ட் 2 அன்று அதே நாட்டில் குன்ஷானில் கார் சக்கரங்களுக்கு மெருகேற்றும் ஆலையில், பல நாளாகச் சுத்தம் செய்யாத டஸ்ட் கலெக்டரில் அலுமினியத் தூள் ஈரம் பட்டுச் சூடேறி வெடித்தது. வெடிப்பை வெளியே விட வழி வைக்கப்படவில்லை. அது டக்ட் வழியே திரும்பி, ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த கூடத்துக்கே வந்தது. சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 146 பேர் உயிரிழந்தார்கள். காற்றைச் சுத்தம் செய்ய வைத்த இயந்திரம் அது.

பஞ்சுத் தூசி அலுமினியத் தூள் மாதிரி வெடிப்பதில்லை. எங்களுக்கு அது பெரும்பாலும் தீயாகத்தான் வரும். ஆனால் நம் மாநிலத்தில் அலுமினியம் மெருகேற்றும் பட்டறைகளும் இருக்கின்றன, மாவு அரைக்கும் ஆலைகளும் மர ஆலைகளும் ஃபவுண்டரிகளும் இருக்கின்றன. எங்கெல்லாம் தூசியை இழுத்து ஒரு பெட்டியில் சேர்க்கிறோமோ, அங்கெல்லாம் அந்தப் பெட்டியை எங்கே வைக்கிறோம், எப்படித் திறக்கிறோம், எப்போது காலி செய்கிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை.

சட்டத்தில் குறை இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 14-ஆம் பிரிவில், தூசி எங்கே கிளம்புகிறதோ அதற்கு முடிந்த அளவு அருகில் உறிஞ்சு சாதனம் வைக்கச் சொன்னது. தூசி நிறைந்த அடைந்த அறைக்குள் ஆள் இறங்குவதற்கு 36-ஆம் பிரிவு, தீப்பிடிக்கும் தூசிக்கு 37-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு வந்தாலும், தூசியும் ஃபேனும் மாறவில்லை. 'சாதனம் இருக்கிறது' என்று ஒரு கட்டத்தில் டிக் போடுவதற்கும், 'சாதனம் வேலை செய்கிறது, அதைத் தொடுகிறவர் முழுசாக வெளியே வருகிறார்' என்று உறுதி செய்வதற்கும் உள்ள தூரத்தைத் தாங்கள் கடக்க வைக்க வேண்டும். அதற்காக நான்கு கோரிக்கைகள்.

ஒன்று, பூட்டு. ஃபில்டர் அறையும் டஸ்ட் கலெக்டரும் உள்ள எல்லா இடங்களிலும் ஐசொலேட்டரில் பூட்டுப் போடும் வசதி, உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவு. இது இல்லாத பிளாண்டுக்கு ஒப்புதல் கிடைக்கக் கூடாது.

இரண்டு, கதவில் ஒரு தாள். பிளாண்டை முதன்முதலில் ஓட்டிய நாளில் ஒவ்வொரு கிளை டக்டிலும் காற்று எவ்வளவு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுத்தது, ஃபேன் எந்தப் பக்கம் சுற்றியது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பக்கத்தில் இன்றைய அளவு. ஃபில்டரின் அழுத்த வித்தியாசம் ஏறினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இறங்கினால் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். திடீரென்று இறங்கினால் ஃபில்டர் துணி கிழிந்து, தூசி வடிகட்டாமலேயே டிபார்ட்மெண்டுக்குத் திரும்புகிறது என்று பொருள். பழைய டக்டில் புது மெஷின் ஒன்றைச் சேர்த்தாலும் எல்லாக் கிளையிலும் திரும்ப அளக்க வேண்டும். ஒரு மெஷினுக்குக் கொடுத்த காற்று இன்னொன்றிடமிருந்து எடுத்ததுதான்.

மூன்று, தீக்கு வழி விடாத அமைப்பு. ஃபில்டர் அறை தனிச் சுவரோடு இருக்க வேண்டும், வேஸ்ட் மூட்டைக்குக் குடோனாக இருக்கக் கூடாது. ரப்பர் கேஸ்கெட் வைத்த டக்ட் இணைப்புகளுக்குக் குறுக்கே எர்த் கம்பி ஓட வேண்டும். ஃபில்டர் துணியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அது படிந்த தூசியை மறுபடி மேகமாகக் கிளப்புகிறது. வேக்குவம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான்கு, மொழியும் மூச்சும். இன்று எங்கள் மில்களில் ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய. எச்சரிக்கைப் பலகை மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலுமே தொங்குகிறது. அவர்கள் மொழியில், படத்தோடு எழுதச் சொல்லுங்கள். பஞ்சுத் தூசியில் நிற்கிற எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை மூச்சுத் திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதையும் விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் செய்யச் சொல்லுங்கள். வேறு நாளில் ஊதிப் பார்த்தால் இந்த நோயின் தொடக்கம் பிடிபடாமல் போகும்.

மில் முதலாளிகளின் கஷ்டமும் எனக்குத் தெரியும். பஞ்சு விலையும் கரண்டு பில்லும் சேர்ந்து நெருக்குகிற தொழில் இது. ஆனால் டிபார்ட்மெண்டில் காற்று சரியாக இல்லையென்றால் நூல் அறுவது கூடும், தரம் இறங்கும். ஆளின் மூச்சைக் காக்கிற காற்றுதான் நூலையும் காக்கிறது.

அந்த விபத்துக்கு மறுவாரம் டவுன்ஹால் பக்கம் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்தேன். ஐசொலேட்டர் கைப்பிடியில் துளை போட்டு மாட்டினேன். ஓய்வு பெறும் வரை அந்தச் சாவி என் சட்டைப் பையை விட்டுப் போனதில்லை. கடைசி நாளன்று அடுத்த ஃபிட்டர் கையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மில்லில் ஒரு ஆளின் பழக்கமாக இருக்கிற வரை அது பாதுகாப்பு ஆகாது. அவர் லீவு போட்டால் அதுவும் லீவு.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், முன்னறிவிப்பில்லாமல் ஏதாவது ஒரு மில்லுக்கு வாருங்கள். ரிஜிஸ்டர்களைக் கேட்பதற்கு முன்னால் ஃபில்டர் அறை முன் நின்று, "உள்ளே ஆள் போனால் சாவி யாரிடம் இருக்கும்?" என்று அங்கே நிற்கிற ஃபிட்டரைக் கேளுங்கள். யோசிக்காமல் அவர் கை தன் சட்டைப் பைக்குப் போனால், அந்த மில்லில் மற்றதையும் நம்பலாம். அவர் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தால், தயவுசெய்து அந்தக் கதவைத் திறந்து பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்
கோவை மாவட்டம்