கணினியா, வணிகமா?

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும்போது நம் இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகின்றது: அடுத்து என்ன படிப்பது? மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகிய மூன்றும் முதலில் பேசப்படும். அவை கிட்டாதபோதுதான் மற்றத் துறைகள் கண்ணுக்குத் தெரியும். அந்த ‘மற்றத்’ துறைகளுள் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றேன். கணினியையும் வணிகத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் இளங்கலைப் பட்டப்படிப்பே அது.

இப்படிப்புக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும். கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் ‘வணிகத் தகவல் முறைமை’ என்ற பெயரில் இது கற்பிக்கப்படுகின்றது. இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ‘தகவல் தொழில்நுட்பமும் முகாமைத்துவமும்’ என்று ஒரு பட்டப்படிப்பு உண்டு. பெயர் எதுவாயினும் சாரம் ஒன்றுதான். மாணவர் ஒருபுறம் நிரலாக்கம், தரவுத்தளம், கணினி வலையமைப்பு ஆகியவற்றைப் பயில்கின்றார். மறுபுறம் கணக்கியல், சந்தைப்படுத்தல், நிர்வாகம் ஆகியவற்றைப் பயில்கின்றார்.

நான் ஜொகூர், சிம்பாங் ரெங்கத்தைச் சேர்ந்தவன். இத்தகைய பட்டப்படிப்பை முடித்துச் சில ஆண்டுகளாக வேலை செய்து வருகின்றேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் கோயிலிலோ திருமண மண்டபத்திலோ யாராவது ஒருவர், “தம்பி, நீங்க படிச்சது கம்ப்யூட்டரா, பிசினஸா?” என்று கேட்பார். “ரெண்டும்தான் அங்கிள்” என்றால், “அப்படின்னா ரெண்டும் பாதிப் பாதியா?” என்பது அடுத்த கேள்வியாக வரும். கேட்பவர் மீது தவறில்லை. இப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் நம் மாணவர்களில் பலரும் மனத்துக்குள் அப்படித்தான் எண்ணுகின்றனர். கணினி அறிவியல் கடினம், கணக்கியலும் கடினம், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் சுலபமாகப் பட்டம் வாங்கிவிடலாம் என்பது அவர்களின் கணக்கு. இந்தக் கணக்கு முற்றிலும் பிழையானது என்பதே என் கருத்து.

பெரட்டுக்களத்தில் தொடங்கிய பாடம்

வணிகமும் கணினியும் ஒட்டவைக்கப்பட்ட இரு துண்டுகள் அல்ல. வணிகத்துக்கென்று முதன்முதலில் பயன்பட்ட கணினி எங்கே தோன்றியது தெரியுமா? தேநீர்க் கடைகள் நடத்திய ஒரு நிறுவனத்தில்! இலண்டனில் ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம் நாடு முழுவதும் தேநீர்க் கடைகளையும் ரொட்டி அடுமனைகளையும் நடத்தி வந்தது. அன்றாடம் எவ்வளவு ரொட்டி சுட்டார்கள், அதற்கு எவ்வளவு செலவானது, எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று கணக்கெழுதவே பெரும் எழுத்தர் கூட்டம் தேவைப்பட்டது. அந்தத் தலைவலியைத் தீர்க்க அந்நிறுவனமே ‘லியோ’ என்ற கணினியை உருவாக்கியது. 1951 நவம்பரில் அது அடுமனைக் கணக்குகளைப் போடத் தொடங்கியது. பிறகு ஊழியர் சம்பளக் கணக்கும் அதன் பொறுப்பில் வந்தது. அன்றாட வேலையின் சிக்கலை நன்கு அறிந்தவர்கள்தாம் அந்தக் கணினியை விரும்பிக் கேட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதே சிக்கலை நம் தோட்டங்களில் நம்மவர்கள் கணினியின்றியே தலைமுறை தலைமுறையாகச் சமாளித்தார்கள். விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் ஆள் கணக்கு எடுப்பார். யார் எந்த நிரையில் வேலை செய்தார், எத்தனைக் குலை வெட்டினார், உதிரிப் பழம் எவ்வளவு பொறுக்கினார் என்பதெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் ஏறும். கிராணி அதைச் செக்ரோலில் பதிவார். மாத முடிவில் முன்பணமும் பிடித்தங்களும் போகக் கைக்கு வரும் சம்பளம் முடிவாகும். எங்காவது ஒரு வரி தவறினால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் துண்டு விழும்.

என் தந்தையார் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். இரண்டாம் ஆண்டில் ‘தகவல் முறைமைப் பகுப்பாய்வு’ என்ற பாடத்தில் தரவு எங்கே பிறக்கின்றது, யார் சரிபார்க்கின்றார், எங்கே போய்ச் சேர்கின்றது என்று படம் வரையச் சொன்னார் விரிவுரையாளர். நான் பெரட்டிலிருந்து சம்பள நாள் வரையிலான தோட்டக் கணக்கை வரைந்தேன். சக மாணவர்கள் பலர் பாடநூலில் இருந்த வங்கியையும் விமான நிலையத்தையும் வரைந்தபோது, எனக்கு நேரில் கண்ட முறைமை ஒன்று கைவசம் இருந்தது. தோட்டப்புறத்திலும் சிறுபட்டணத்திலும் வளர்ந்த மாணவர்களுக்கு இத்துறை அந்நியமானது அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆறு விழுக்காடு தந்த பாடம்

இரு துறை அறிவும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டியதன் அவசியத்தை நம் நாட்டின் வரி வரலாறே எடுத்துக் காட்டும். 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி பொருள் சேவை வரி 6 விழுக்காடாக நடப்புக்கு வந்தது. ஆண்டு விற்பனை 500,000 ரிங்கிட்டைத் தாண்டிய வணிகங்கள் பதிந்துகொள்ள வேண்டும். அரிசி, சீனி, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்குச் சுழிய விழுக்காடு. சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும் 6 விழுக்காடு. கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதத்தை மட்டும் அரசுக்குச் செலுத்த வேண்டும்.

எங்கள் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மாமா, வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் பில் போடும் மென்பொருளை வாங்கினார். அதை எழுதியவருக்கு நிரல் தெரிந்தது, வரி தெரியவில்லை. எல்லாப் பொருளுக்கும் ஒரே 6 விழுக்காட்டை நிரலின் உள்ளேயே எழுதி வைத்திருந்தார். அரிசிக்கும் வரி விழுந்தது. வாடிக்கையாளர்கள் மாமாவிடம் சண்டைக்கு வந்தார்கள். கணக்குப் பார்ப்பவரைக் கேட்டால் அவருக்கு வரி தெரிந்தது. மென்பொருளில் எதை மாற்றச் சொல்வது என்று தெரியவில்லை. இருவருக்கும் இடையில் கடைக்காரர்தாம் அவதிப்பட்டார்.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான் செய்தது பெரிய வேலை அன்று. பொருள்களை வரி வகைப்படி பிரித்து ஓர் அட்டவணை தயாரித்தேன். ஒவ்வொரு வகைக்கும் உரிய விகிதத்தை அந்த அட்டவணையிலிருந்து எடுக்கும்படி மென்பொருளை மாற்ற வேண்டும் என்று விற்பனையாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். 2018 ஜூன் 1-இல் அந்த வரி சுழியமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரி திரும்பவும் வந்தது. அப்போது மாமாவின் கடையில் அட்டவணையில் எண்களை மாற்றியதோடு வேலை முடிந்தது. சட்டம் மாறும் என்பதை எதிர்பார்த்து நிரலை அமைப்பதற்கு வணிக அறிவு வேண்டும். அதை எங்கே, எப்படி அமைப்பது என்பதற்குக் கணினி அறிவு வேண்டும்.

இரு துறைகளின் அடிப்படைகளும் இப்படித்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494-இல் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை நூலில் விளக்கி வெளியிட்டார். ஒவ்வொரு பற்றுக்கும் ஈடான வரவு இருந்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. இன்றைய தரவுத்தளங்களிலும் இதற்கு ஒப்பான ஒரு விதி உண்டு. ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்து மற்றொன்றில் சேர வேண்டுமானால் இரண்டும் நடக்க வேண்டும். ஒன்று தடைப்பட்டால் இரண்டுமே நடக்காதது போல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கணக்கியல் வகுப்பில் கவனமாக இருந்த மாணவருக்குத் தரவுத்தள வகுப்பில் இது எளிதில் விளங்கும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இப்படிப்பு எல்லாருக்கும் ஏற்றது என்று நான் கூற வரவில்லை. செயற்கை நுண்ணறிவின் உட்புறக் கணிதத்தை ஆராய விரும்புபவர் கணினி அறிவியலையே எடுக்கட்டும். பட்டயக் கணக்காளராக வேண்டும் என்ற கனவு உள்ளவர் கணக்கியலுக்கே செல்லட்டும். இரு துறைக்கும் பாலமாக நின்று வேலை செய்ய விரும்புபவருக்கு உரியது இது.

மேலும், பெயரில் மட்டும் இரண்டையும் சேர்த்து, உள்ளே இரண்டையும் நீர்த்துப்போகச் செய்த பாடத்திட்டங்களும் உண்டு. வண்ணக் கையேட்டையும் கல்விக் கண்காட்சியில் கொடுக்கும் இலவசப் பையையும் பார்த்துப் பதிந்துகொள்ளாதீர்கள். பி.டி.பி.டி.என். கல்விக்கடன் நாம் படித்து முடித்த பின்னரும் பல ஆண்டுகள் நம்மைத் தொடர்ந்து வரும். சேர்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

நிரலாக்கம் முதல் பருவத்தோடு நின்றுவிடுகின்றதா, தரவுக் கட்டமைப்பும் தரவுத்தளமும் வரை செல்கின்றதா? கணக்கியல் ஒரு பாடத்தோடு முடிகின்றதா, அடக்கவிலைக் கணக்கும் நிதி நிர்வாகமும் உண்டா? புள்ளியியல் இருக்கின்றதா? தொழிற்பயிற்சி எத்தனை மாதம்? இறுதியாண்டுத் திட்டப்பணி உண்மையான ஒரு நிறுவனத்தின் சிக்கலைத் தீர்ப்பதா? மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரப் பட்டியலில் அப்படிப்பு உள்ளதா? இவற்றுக்கெல்லாம் தெளிவான பதில் வராத இடத்தில் பணத்தையும் காலத்தையும் கொட்ட வேண்டாம்.

இப்போது இன்னொரு ஐயமும் எழுகின்றது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, “நிரலை இயந்திரமே எழுதிவிடுகிறதே, பிறகு ஏன் கணினி படிக்க வேண்டும்?” என்று தம்பி தங்கைகள் கேட்கின்றனர். மாமாவின் கடையையே எண்ணிப் பாருங்கள். எந்தப் பொருளுக்கு எந்த வரி என்று சொல்லத் தெரியாதவர் இயந்திரத்திடம் என்ன கேட்பார்? அது எழுதிக் கொடுத்த நிரலில் அரிசிக்கு வரி விழுகின்றதா என்று சோதிக்கத் தெரியாதவர் எதை நம்பிக் கடையில் பொருத்துவார்? சரியாகக் கேட்பதற்கும் வந்ததைச் சோதிப்பதற்கும் ஆள் தேவை. இரண்டையும் முறையாகப் படித்தவருக்கு அந்த இடம் காத்திருக்கின்றது.

ஊருக்கு என்ன பயன்?

‘சிம்பாங்’ என்றால் மலாய் மொழியில் சந்தி. பழைய நெடுஞ்சாலையிலிருந்து ரெங்கத்துக்குப் பாதை பிரியும் இடம் என்பதால் எங்கள் ஊருக்கு அப்பெயர். படித்த பிள்ளைகள் அந்தச் சாலையைப் பிடித்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைநகருக்கும் போய்விடுகின்றனர். நானும் அப்படிப் போனவன்தான். பிழைப்புக்காகப் போவதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால், ஊரில் மளிகைக்கடை, பூக்கடை, உணவகம், லாரிப் போக்குவரத்து என்று சிறுதொழில் செய்யும் நம்மவர்களுக்கு இன்று தேவைப்படும் உதவி நம் கையில்தான் இருக்கின்றது.

மின்விலைப்பட்டியல் முறையை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டு 1 முதல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு அது கட்டாயமானது. 2025 ஜனவரி 1-இல் 25 மில்லியனைத் தாண்டியவர்களும், ஜூலை 1-இல் 5 மில்லியனைத் தாண்டியவர்களும் அதற்குள் வந்தனர். விலைப்பட்டியல் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் கணினிக்குச் சென்று சரிபார்க்கப்பட்டுத் திரும்புகின்றது. சிறிய கடைக்கு விலக்கு இருந்தாலும், அதற்குச் சரக்கு அனுப்பும் பெரிய நிறுவனம் வரி எண்ணைக் கேட்கின்றது. அந்த எண் எதற்கு, எங்கே பெறுவது, கொடுத்தால் என்ன ஆகும் என்று தமிழில் பொறுமையாக விளக்க ஆளில்லை. அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. மென்பொருள் விற்க வருபவர் சொல்வதே வேதவாக்காகி விடுகின்றது.

கணினியில் தமிழைத் தட்டச்சு செய்யும் சிக்கலைத் தீர்த்தவர்களுள் முன்னோடி, முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய நம் நாட்டவரான முத்து நெடுமாறன். கருவி கைக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டு நம் சிறுவணிகர்களுக்குக் கணக்கையும் கணினியையும் தமிழில் விளக்கும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே நம் தமிழ் மொழிக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் தொடரட்டும். அவற்றோடு, ஆண்டுக்கு இரண்டு வார இறுதிகளில் கணினி, வணிகம், கணக்கியல் பயிலும் உறுப்பினர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சிறுபட்டணத்துக்குச் செல்லட்டும். காலையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டல். மாலையில் கடைக்காரர்களுக்குச் சரக்கு இருப்பு, வரி, மின்விலைப்பட்டியல் பற்றித் தமிழில் விளக்கம். சரக்கு இருப்பு, கொள்முதல், நிலுவை, பற்று, வரவு என்று புழக்கத்திலுள்ள சொற்களைத் தொகுத்து எட்டுப் பக்கக் கையேடு ஒன்றையும் அச்சிடலாம். சிம்பாங் ரெங்கத்தில் முதல் கூட்டத்துக்கு இடம் பிடித்துத் தருவதும் கடைக்காரர்களை அழைத்து வருவதும் என் பொறுப்பு.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டில் பாதி போதும் என்ற எண்ணத்தோடு இப்படிப்புக்குள் நுழையாதீர்கள். இரண்டையும் முழுமையாகக் கற்கும் துணிவு இருந்தால் தாராளமாக வாருங்கள். நம் ஊர்க் கடைகளில் வேலை நிறையவே காத்திருக்கின்றது.