“நீங்களா பார்த்துக் கொடுங்க”

எழுதிக் கொடுப்பவர்களும் பிழை திருத்திக் கொடுப்பவர்களும் நம் புதுச்சேரியில் நிறையவே இருக்கிறார்கள். இருப்பதுதான் வெளியே தெரிவதில்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள், எம்.ஏ. தமிழ் முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள், என்னைப் போல பிரெஞ்சில் படித்துவிட்டு அரசாங்க அலுவலகத்தில் குறிப்பும் வரைவும் எழுதியே காலம் தள்ளியவர்கள். யாராவது தேடி வந்து “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “நமக்குள்ள என்ன சார், நீங்களா பார்த்துக் கொடுங்க.”

தொழிலுக்கு இதைவிடக் கெடுதலான விளம்பரம் கிடையாது என்பது என் கருத்து. வந்தவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாது. ஒன்று, கூச்சப்பட்டு வேறு ஆளிடம் போய்விடுவார். இல்லையென்றால் பொன்னாடையோடு கணக்கை முடித்துவிடுவார்.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் 300 பக்கச் சுயசரிதை ஒன்றை மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தினார். சந்திப்பிழை மட்டுமல்ல. 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்ததையும், 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைந்ததையும் நூலாசிரியர் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தார்; அதையும் பிடித்துச் சரிசெய்தார். இந்த வேலைக்காக இரண்டு டியூஷனை விட்டார். வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். புத்தகத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அட்டை வரைந்தவர் பெயர் இருந்தது. இவர் பெயர் இல்லை. பணமும் இல்லை.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரைப் பாருங்கள். பெயர்ப் பலகை இருக்கும், உரிம எண் இருக்கும். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அவர்களை யாரும் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்வதில்லை. இலக்கியம் என்று ஒரு சொல் நடுவில் வந்தால்தான் நமக்குக் கூலி கேட்க நாக்கு எழுவதில்லை.

நம்மைவிடப் பெரியவர்கள் கூச்சப்படவில்லை. நம் ஊரில் பத்து வருஷம் இருந்துவிட்டுப் போன பாரதியார், 1920-இல் தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் போவதாக நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை விற்கும் என்று எழுதி, வட்டியோடு திருப்பித் தருவதாகக் கடன் கேட்டார். திட்டம் நடக்கவில்லை, அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். ஆனாலும் கேட்டார் அல்லவா? 1887-இல் வெளியான சீவக சிந்தாமணிக்கு உ.வே.சாமிநாதையர் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். எமில் ஸோலா நாவலாசிரியராகப் பெயர் எடுப்பதற்கு முன் பாரிஸில் அஷெத் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. விசிட்டிங் கார்டில் எழுத்தாளர், கவிஞர், பேச்சாளர், மொழிபெயர்ப்பாளர், கூடவே யார் கொடுத்தது என்று தெரியாத இரண்டு பட்டம். தினமும் விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் தம் படம் போட்ட வணக்கம். இத்தனையும் செய்கிறவர் உருப்படியாக எதைச் செய்வார் என்று கார்டை வாங்குகிறவன் யோசிக்க மாட்டானா?

நான் சொல்லும் விளம்பரம் அந்த வகை இல்லை. ஒரு தாளில் அடங்கும். என்ன வேலை செய்வேன், பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை நாளில் தருவேன், எதைச் செய்ய மாட்டேன். கடைசியாகச் சொன்னதற்குத்தான் மதிப்பு அதிகம். சொல்தா குடும்பங்களின் பழைய பிரெஞ்சுக் காகிதங்களை நான் தமிழில் எழுதித் தருகிறேன். “இது உங்களுக்குப் புரிவதற்குத்தான். கோர்ட்டிலோ கொன்சுலாவிலோ கொடுக்க வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அவர்கள் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வந்தார்கள்.

பிழை திருத்துகிறவருக்கு இன்னொரு சங்கடம். தையல்காரர் தைத்த சட்டையைக் காட்டலாம். இவர் எதைக் காட்டுவது? நன்றாகச் செய்த வேலை கண்ணுக்கே தெரியாது. முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று காட்டினால் நூலாசிரியரின் மானம் போகும். எனக்குத் தோன்றும் வழி இரண்டு. வருகிறவரின் சொந்தக் கையெழுத்துப் பிரதியிலேயே இரண்டு பக்கத்தை மட்டும் இலவசமாகத் திருத்திக் காட்டுவது; இரண்டு பக்கம்தான், ஒரு அத்தியாயம் இல்லை. புத்தகத்தின் உள்பக்கத்தில் “மெய்ப்புத் திருத்தம்” என்று பெயர் போட வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்வது. அச்சான பிறகு கேட்டால் கிடைக்காது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இதை அப்படியே செய்தாள். பக்கத்துக்கு 30 ரூபாய், பாதிப் பணம் முன்பணம் என்று தாளில் எழுதி வைத்தாள். “அந்த நாளில் இதெல்லாம் சேவையாகச் செய்வார்கள்மா” என்று சொல்லிவிட்டு இருவர் எழுந்து போனார்கள். மூன்றாமவர், மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், முன்பணத்தை எண்ணி வைத்தார். இப்போது அவள் கையில் நான்காவது புத்தகம் இருக்கிறது. போன வாரம் அந்தத் தாளில் ஒரு வரி கூட்டியிருக்கிறாள்: மெய்ப்பு முடிந்த பிறகு நூலாசிரியர் புதிதாக எழுதிச் சேர்க்கும் பக்கங்களுக்குத் தனிக் கட்டணம்.